கரூர் முதல் பழனி வரை: கொங்குநாட்டுச் சமயத் தடங்கள்

செவ்வாய்: வேலாயுதம்பாளையம்

கரூரிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் ஏறி வேலாயுதம்பாளையத்தில் இறங்கினால் புகழிமலை கண்ணெதிரே நிற்கிறது. படியேறுகிறவர்கள் எல்லோருமே உச்சியிலிருக்கும் முருகனைப் பார்க்கத்தான் போகிறார்கள். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி நாட்களில் கூட்டம் அதிகம். இந்த மலைக்கே ஆறுநாட்டார் மலை என்றும் பெயர். சரிவில் இருக்கும் குகைத்தளங்களைத் தேடி வருபவர்கள் குறைவு.

குகைக்குள் பாறையைச் சமப்படுத்திப் படுக்கை வெட்டியிருக்கிறார்கள், தலைப்பக்கம் சற்று மேடாக. மழைநீர் உள்ளே வழியாமலிருக்க முகப்பில் காடி ஒன்று. மேலே தமிழ் பிராமி எழுத்து. பெரிய கல்வெட்டின் சேதி இது: யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த அமணர், அதாவது சமணத் துறவி, தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ, இளவரசுப் பட்டம் ஏற்றபோது வெட்டிக் கொடுத்த கல். மூன்று தலைமுறைச் சேரர் ஒரே வரிசையில் வருவதால் சங்க காலச் சேரர் வரலாற்றுக்கு இந்தக் கல்தான் ஆணிவேர். பக்கத்திலேயே கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி கொடுத்த இருக்கையும் பதிவாகியிருக்கிறது. அரசகுடும்பமும் வாணிகனும் ஒரே துறவிக் கூட்டத்துக்குக் கல்லைக் கொடை கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சேரர்கள் சமணர்களா என்று கேட்டால், கல் அப்படிச் சொல்லவில்லை. கொடுத்தார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. கொடை வேறு, சமயம் மாறுவது வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பயணத்தில் மேலே வரும் பலவும் விளங்கும்.

உச்சி வெயிலில் போனால் எழுத்து தெரியாது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போகவேண்டும், இல்லாவிட்டால் கைவிளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். நேராக அடிக்கும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். சாக்பீஸ், விபூதி, மாவு எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள். படம் எடுக்க வசதி என்று பலரும் செய்கிறார்கள். தூள் பள்ளத்தில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும், அந்த ஈரத்தில் பாசி வளரும், பாசியைச் சுரண்டப் போய் எழுத்தும் போகும். அதைவிட மோசம், தவறாகப் படித்துச் சாக்பீஸ் போட்டவரின் தவறே அடுத்து வருபவருக்குக் கல்வெட்டாகிவிடுவது.

புதன்: கொடுமுடி, பவானி

காவிரிக்கரை வழியாக ஈரோடு போகும் வழியில் கொடுமுடி. தேவாரத்தில் பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, பவானி. கொடுமுடிக்குச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவருமே பாடியிருக்கிறார்கள். ‘சொல்லும் நா நமச்சிவாயவே’ என்று சுந்தரர் பாடியது இங்கேதான். ஒரே வளாகத்தில் சிவனும் பெருமாளும் பிரம்மாவும் இருப்பதால் சைவம், வைணவம் என்று பார்க்காமல் வருகிறார்கள்.

தேவாரத்தை முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியும், சம்பந்தரின் பதிகங்களில் பத்தாவது பாட்டு பெரும்பாலும் சமணரையும் சாக்கியரையும் (பௌத்தரையும்) சாடும். கோயில் சுவரில் பொறித்த பதிகத்தைப் படிக்கும்போது அந்தப் பாட்டைத் தாண்டிப் போகவேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் வாதம் அவ்வளவு காரமாக நடந்தது. எல்லோரும் என்றைக்கும் அண்ணன் தம்பியாகவே இருந்தார்கள் என்று எழுதுபவர்கள் அந்தப் பத்தாம் பாட்டை விட்டுவிடுகிறார்கள். எப்போதும் பகைதான் என்று எழுதுபவர்கள் நேற்றுப் பார்த்த புகழிமலைக் கல்லை விட்டுவிடுகிறார்கள்.

மதியம் பவானி. காவிரியும் பவானியும் கலக்குமிடம், கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் சேருகிறது என்பது நம்பிக்கை. ஆடிப்பெருக்கு, அமாவாசை தவிர்த்த நாளில் வந்தால் சங்கமேஸ்வரர் கோயிலை நிதானமாகச் சுற்றலாம். இங்கே கேட்டுப் பார்க்கவேண்டியது தந்தக் கட்டில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804ல் வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. ஊரார் சொல்லும் கதை இது: மழை கொட்டிய இரவில் ஒரு சிறுமி வந்து தூங்கிக்கொண்டிருந்த கலெக்டரை எழுப்பி வெளியே கூட்டிப் போனாள், அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்தது, வந்தது அம்மன்தான். வேற்று மதத்தவர் உள்ளே போகக்கூடாது என்பதால், அவர் வெளியில் நின்றபடியே அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளை போட்டார்கள் என்று துளைகளையும் காட்டுவார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கட்டில் இருக்கிறது, துளை இருக்கிறது. நமக்கு முக்கியமாகப் படுவது அந்தத் துளை. கோயில் தன் விதியைத் தளர்த்தவில்லை, வந்தவருடைய பக்தியையும் தள்ளவில்லை. மதிலை இடிக்காமல் ஒரு வழி செய்திருக்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது: யார் எங்கே நிற்பது, யார் எதைக் கொண்டுவருவது, யாருக்கு முதல் மரியாதை என்று ஓர் ஏற்பாடு. அன்பு, நல்லிணக்கம் என்ற பெரிய சொற்களுக்கு அடியில் வேலை செய்வது இந்தச் சின்ன ஏற்பாடுகள்தான். அவற்றைக் கவனிக்க ஆளில்லாமல் போனால் சொற்கள் மட்டும் மிஞ்சும்.

வியாழன்: அறச்சலூர், படியூர்

ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் சாலையில், பூந்துறையைத் தாண்டினால் அறச்சலூர். ஊரை ஒட்டிய நாகமலையில் ஒரு குகைத்தளம். புலவர் செ. இராசு 1960களில் வெளிக்கொண்டுவந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. இது கொடைக் கல்வெட்டு அல்ல. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம் படித்தாலும், வலமிருந்து இடம் படித்தாலும், மேலிருந்து கீழ் படித்தாலும் அதே வரிசை. ஆடலுக்கான தாளச் சொற்கட்டு என்பது அறிஞர் கருத்து. எழுத்தைப் புணர்த்தவன் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. மணிய் வண்ணக்கன் என்றால் மணியின் தரம் பார்ப்பவன். சமணத் துறவியர் குகையில் ஆடல் தாளத்துக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். புலனடக்கம் பேசிய சமயத்தின் குகைக்கு மணி வியாபாரத்தில் இருந்த ஒருவன் தன் கலையைக் கொண்டுவந்து வெட்டிவைத்திருக்கிறான் என்பதுதான் கிடைக்கும் விடை. சமயங்களைக் கொள்கையை வைத்து மட்டும் அளந்தால் இந்தக் கல்லுக்கு இடமே இராது.

கல்வெட்டைப் படியெடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக: முதலில் மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு தூசி, பாசியை நீக்கவேண்டும். கம்பித் தூரிகை கூடவே கூடாது. பிறகு படித்தாளை நனைத்துப் பாறையில் ஒட்டி, அடர்ந்த மயிருள்ள தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போகவேண்டும், எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும் வரை. பாதி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றவேண்டும். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவி எழுத்து மூடிப்போகும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் பாறையை விட்டுக் கிளம்பி எழுத்து இரட்டிக்கும். காற்றடிக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் தொல்லியல் துறை அனுமதியில்லாமல் படியெடுக்கக் கூடாது. பெரும்பாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நல்ல படமே போதும்.

காங்கயம் தாண்டித் திருப்பூர்ச் சாலையில் படியூர். அந்த ஊராட்சியைச் சேர்ந்த ஓட்டப்பாளையத்தில் பிள்ளையார் கோயில் கட்ட இடமில்லாமல் இருந்தபோது, முஸ்லிம் ஜமாத்தார் தங்கள் இடத்திலிருந்து 3 சென்ட் எழுதிக் கொடுத்தார்கள். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. ஜமாத்தார் சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வந்தார்கள். கொங்குநாட்டில் சீர் கொண்டுவருவது யார் உரிமை என்பதை விளக்கவேண்டியதில்லை. சொந்தக்காரன்தான் சீர் கொண்டுவருவான். நிலம் கொடுத்தது பெரிது என்றாலும், சீர்த்தட்டோடு வந்ததைத்தான் ஊர் கூடுதலாக நினைவில் வைத்திருக்கும்.

வெள்ளி: விசயமங்கலம்

பெருந்துறைக்கு மேற்கே, சேலம் கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஈரோடு கோவை பாசஞ்சர் ரயில் விசயமங்கலத்தில் நிற்கும். ‘அமணர் கோயில் எங்கேங்க?’ என்று கேட்டால் பலருக்குப் புரியாது. ‘ஏனுங்க, நெட்டைக் கோபுரத்துக்கு எப்படிப் போறது?’ என்று கேளுங்கள், கையை நீட்டிவிடுவார்கள். அங்கே இருப்பது சமணர் வணங்கும் பெருங்குருமாரான தீர்த்தங்கரர்களில் எட்டாமவர் சந்திரப்பிரபரின் கோயில். பூசை ஆள் இல்லாத நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று பக்கத்து வீடுகளில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இந்த ஊரைச் சேர்ந்தவர் கொங்குவேளிர். உதயணன் கதையைப் பெருங்கதையாகத் தமிழில் பாடியவர். அருகே சீனாபுரம் நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் தமிழாசிரியர் யாரும் நன்னூல் இல்லாமல் இலக்கணப் பாடம் நடத்த முடியாது. கொங்குமண்டலத்தின் பெருமையைச் சதகமாகப் பாடிய கார்மேகக் கவிஞரும் விசயமங்கலத்துச் சமணர்தான். அவர் தம் சமயத்தாரை மட்டும் பாடவில்லை, சைவத் தலங்களையும் அடியார்களையும் கொங்கின் பெருமையாகச் சேர்த்தே பாடினார். நாட்டுப்பற்று சமயத்தைத் தாண்டி நின்ற இடம் அது.

மண்டபத்தில் ஒரு தூணைத் தேடுங்கள். கங்க மன்னர்களின் அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதன் நினைவுத்தூண். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரை எழுப்பிய அதே சாமுண்டராயர். பத்தாம் நூற்றாண்டில் கொங்குச் சமணம் கன்னட நாட்டோடு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு இந்த ஒரு தூண் போதும். இப்படி உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தலை வெறும் தற்கொலை என்று எழுதும் பதாகைகளைச் சில இடங்களில் பார்க்கிறோம். குருவின் அனுமதியோடு, படிப்படியாக உணவைக் குறைத்து மேற்கொள்ளும் நோன்பு அது. ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம், அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதையாவது சரியாக எழுதவேண்டும்.

கிராமங்களில் தனியாகக் கிடக்கும் சிலையைப் பார்த்ததும் புத்தர் என்று சொல்லிவிடுகிறார்கள். பார்க்கவேண்டியவை: தலைக்கு மேல் முக்குடை இருக்கிறதா, உடலில் ஆடை மடிப்பு இல்லாமலிருக்கிறதா, இரு பக்கமும் சாமரம் வீசுவோர் உண்டா. இருந்தால் தீர்த்தங்கரர். புத்தருக்கு உச்சியில் சுடர் போன்ற முடி, தோளில் போர்த்திய சீவர ஆடையின் கோடு இருக்கும். தலைக்குப் பின் பாம்புப் படம் விரிந்திருந்தால் பெரும்பாலும் பார்சுவநாதர். பீடத்தில் பிறை என்றால் சந்திரப்பிரபர், காளை என்றால் ஆதிநாதர். எண்ணெய் பூசிப் பூசி இலாஞ்சனை (பீடத்து அடையாளச் சின்னம்) மூடிப்போயிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், ஆணியால் சுரண்டாதீர்கள். சில ஊர்களில் இதே சிலையை முனியப்பனாகவும் சாமியாராகவும் கும்பிடுகிறார்கள். அதைத் திருத்துகிறேன் என்று கிளம்பவேண்டாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட சிலை இன்று முழுசாக இருப்பதற்கு அந்த எண்ணெய்தான் காரணம்.

சனி: கருமத்தம்பட்டி

அதே நெடுஞ்சாலையில் அவிநாசிக்கும் கோவைக்கும் நடுவே. ஜெபமாலை அன்னை ஆலயம். பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையின் மதுரை மிஷன் பாதிரிமார் கொங்கில் நிலைகொண்ட இடங்களில் ஒன்று. 2019ல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. திருவிழா அக்டோபரில். கொடியேற்றம், சப்பரம், தேர்பவனி என்று எல்லாம் உண்டு. தேர் இழுக்கிறவர்களும் வேண்டுதல் வைக்கிறவர்களும் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல.

மிஷனின் பாதையைத் தொடங்கிய இத்தாலியப் பாதிரியார் தே நோபிலி 1623ல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தவர். காவி கட்டி, பூணூல் போட்டு, சைவ உணவு உண்டு, தமிழில் சமயம் பேசியவர். இந்த வழிமுறைதான் பின்னால் பெரிய வழக்கானது. உள்ளூர்ச் சடங்குகளில் எது பண்பாடு, எது சமயம், எது சாதி? 1744ல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட், மலபார் சடங்குகள் எனப்பட்ட இந்த வழக்கங்கள் மீது ஆணை பிறப்பித்தார். நூறாண்டுக்குப் பிறகும் தீரவில்லை. 1850ல் கோவைக்கு மறைப் பொறுப்பாளரான தெ மரியோன் பிரெசிலாக், திருச்சபைக்குள் சாதிப் பழக்கத்துக்கு இடம்கொடுப்பதை மனசாட்சி ஏற்காமல் 1855ல் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவினார்.

சமய நல்லுறவு பேசும்போது நாம் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற மூன்று பெட்டிக்குள்ளும் சாதி இருக்கிறது. மேட்டுத்தெரு கோயிலுக்கு ஜமாத்தார் சீர் கொண்டுவருவது எளிதாகவும், பக்கத்துக் காலனிக்காரர் அதே கோயிலுக்குள் வருவது கடினமாகவும் இருக்கும் ஊர்கள் கொங்கில் உண்டு. அங்கே மதநல்லிணக்கம் என்று படம் எடுத்துப் போடுவது பாதி உண்மைதான்.

ஞாயிறு: கோவை, கோட்டைமேடு

உக்கடம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கோட்டை ஈஸ்வரன் கோயிலும் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்த தெருக்களில். மஃரிப் (அந்தி) தொழுகை முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில் நின்று பாருங்கள். கைக்குழந்தையோடும் தண்ணீர்ச் சொம்போடும் பெண்கள் நிற்பார்கள், நெற்றியில் குங்குமத்தோடு பலர். தொழுதுவிட்டு வருபவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது, பேச்சு கிடையாது. பயந்த குழந்தைக்கு என்பார்கள். தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம், இங்கேயும்.

இதே தெருக்களைத்தான் 1997 நவம்பர் இறுதி புரட்டிப் போட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14ல் தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் இறந்தார்கள். இருநூறுக்கு மேல் காயம். இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர்களால் இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதன் பிறகு வீடு வாடகைக்குக் கேட்பதிலிருந்து துணிக்கடையில் வேலைக்கு ஆள் எடுப்பது வரை மதம் நுழைந்தது. கலந்திருந்த தெருக்கள் பிரிந்தன. முன்பு ஒரே வரிசையில் கடை போட்டவர்கள், பண்டிகைக்குப் பலகாரமும் பிரியாணியும் மாற்றிக்கொண்டவர்கள், அந்தப் பழக்கத்தைக் கைவிட்ட வேகம்தான் அதிகம் வலிக்கிறது. ஏற்பாடு அறுந்துபோக ஒரு வாரம் போதுமாயிருந்தது.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியலில், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் ஒன்று வெடித்தது. இம்முறை நகரம் பழைய வழியில் போகவில்லை. சில நாட்களில் ஜமாத் நிர்வாகிகள் அதே கோயிலுக்குப் போய் அர்ச்சகர்களையும் நிர்வாகத்தையும் பார்த்துப் பேசினார்கள். அறிக்கை விடுவதோடு நிற்காமல் வாசல் ஏறிப் போனது பெரிய விஷயம்.

கோட்டைமேட்டில் படம் எடுக்குமுன் கேளுங்கள். இங்குள்ளவர்கள் விசாரணை, சோதனை என்று நிறையக் கண்டவர்கள். கேமராவைக் கண்டால் முகம் இறுகிவிடும்.

திங்கள்: ஐவர்மலை, பழனி

உடுமலை வழியாகப் போகிறவர்கள் நேரமிருந்தால் திருமூர்த்திமலை அமணலிங்கேஸ்வரரையும் பார்த்துவிடலாம். பெரும்பாறையே கோயில். விடுமுறை நாளில் அருவிக்கூட்டம் தாங்காது.

ஐவர்மலை பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டி அருகே. ஆட்டோ பேசும்போது காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்துப் பேசுங்கள். ஏறும் வழியில் தண்ணீர் வாங்க முடியும் என்று நம்பவேண்டாம். மலையிடுக்கில் இயற்கையான பாறைக்கூரை, அதன் நெற்றியில் 16 தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே சக ஆண்டு 792 என்று தருகிறது, அதாவது கி.பி. 870. அதனால்தான் வரகுணன் 862ல் பட்டமேறினான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரரையும் (பார்சுவநாதர்) இயக்கி என்ற சமணப் பெண்தெய்வத்தையும் புதுக்கி, 505 காணம் பொன் வைத்தார் என்பது சேதி. அந்த வரகுணன் சைவப் பற்றுக்குப் பேர்போனவன். அவன் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் சமணர் தம் திருப்பணியைப் பொறித்திருக்கிறார்கள்.

பதிற்றுப்பத்தில் கொற்றவை உறையும் அயிரை மலை இதுதான் என்று கருதுவோர் உண்டு. இன்று ஊரார் நினைவில் இது பாண்டவர் ஐவர் தங்கிய மலை. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வரும். சிற்பத்துக்கு நேர் கீழே கற்பூரம் ஏற்றுகிறார்கள், புகை படிகிறது. தீபத்தை நாலு அடி தள்ளி வைத்தால் கும்பிடுவோருக்கும் குறையில்லை, கல்லுக்கும் கேடில்லை. அங்கே இருப்பவர்களிடம் பொறுமையாகச் சொன்னால் கேட்கிறார்கள்.

பழனியில் கைப்பேசி 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குத் தடை. கீழேயே பாதுகாப்பு மையத்தில் கொடுத்துவிட்டு ஏறுங்கள். பழனி முருகனைச் சுற்றுவட்டார முஸ்லிம்களும் வேண்டிக்கொள்வார்கள், சன்னதியின் பின்பக்கம் நின்று கும்பிடுவார்கள் என்று ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் இருக்கிறது. அருணகிரிநாதர் முருகனை ‘சூர்க்கொன்ற ராவுத்தனே’ என்று அழைத்தவர். குதிரைவீரனுக்கான அந்தச் சொல்லே இப்பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களின் பட்டப்பெயர். பள்ளபட்டி, உடுமலை, பழனி எங்கும் ராவுத்தர் குடும்பங்கள் உண்டு.

2024 ஜனவரி 30ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு வழங்கியது. இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக்கூடாது என்ற பலகையைக் கோயில்களில் வைக்கவேண்டும். சாமியிடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுக்கும் வேற்று மதத்தவரை அனுமதிக்கலாம், அதற்கொரு பதிவேடு வைக்கவேண்டும். நம் கருத்தில், கோயில் சுற்றுலாத்தலம் ஆகிவிடக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் பின்வாசலில் யாரும் கேள்வி கேட்காமல் நின்று கும்பிட்டுப் போனவரின் பேரனை இன்று கையெழுத்துப் போடச் சொன்னால், பெரும்பாலும் அவர் போடமாட்டார், திரும்பிப் போய்விடுவார். வேற்று மத நண்பர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை அடிவாரத்திலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள். மலையேறி வந்தபின் வாசலில் நிறுத்தப்படுவது அவர்களுக்கும் சங்கடம், நிறுத்தவேண்டிய ஊழியருக்கும் சங்கடம்.